கொக்குக்கு மை வேண்டாம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இரவு வேலை, அதோடு மகளுக்குத் தேர்வு. அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு காலை, நீர் வற்றும் நேரம் பார்த்து, இங்கே சிங்கப்பூரில் இருக்கும் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் படம் வரைய மைப்பேனாவோடு போனேன். சேற்றில் பவளக்காலிகள். உங்கள் கோடியக்கரைக்கும் வருமே, அதே பறவைதான். பள்ளியில் வாத்தியார் பானைக்கு நிழல் போடச் சொன்ன மாதிரியே ஒன்றின் வயிற்றடியில் குறுக்குக் கோடுகளை நிரப்பினேன். பறவை பானையாகவே ஆகிவிட்டது!

அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். முதுகு பழுப்பு, வயிறு வெளுப்பு. வெயில் முதுகை வெளுக்க வைக்கிறது, நிழல் வயிற்றை மங்க வைக்கிறது. இரண்டும் ஒரே நிறமாகி, பறவை தட்டையாகச் சேற்றோடு கரைந்துவிடுகிறது. இதை 1896-இல் விளக்கி எழுதியவர் ஆபட் தாயர் என்ற அமெரிக்க ஓவியர். விஞ்ஞானிகளுக்கு நடுவே ஓவியரான நம்ம ஆளும் இதைச் சொன்னார் என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மையை அழிக்க முடியாது, புதுத் தாள் எடுத்தேன். உடம்புக்கு நாலைந்து கோடுதான், மிச்ச மையெல்லாம் சேற்றுக்கு. ஈரச் சேற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிம்பம் எப்போதும் காலுக்கு நேர் கீழே நம்மைப் பார்த்து விழும். நிழல் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் பறவை அந்தரத்தில் தொங்கும். காலை 8 மணிக்கு நீளமாகக் கிடந்த நிழல், பகல் 1 மணிக்குக் காலடியில் சுருண்டுவிட்டது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோமே, உச்சி வெயிலில் வரைய இங்கே ஒன்றும் மிஞ்சாது.

வெள்ளைக் கொக்கை மையால் எப்படி வரைவாய் என்று கேட்டிருந்தாயே? கொக்கைத் தொடவே கூடாது. பின்னாலிருக்கும் அலையாத்தி வேர்களையும் இருட்டையும் கறுப்பாக்கிக்கொண்டே வந்தால், விட்ட இடத்தில் கொக்கு நிற்கும். அலகும் காலும் மட்டும் கடைசியில். புழுக்கத்தில் தாள் நமுத்துப்போய் மை இரண்டு இடத்தில் பரவிவிட்டது, அதையும் வேர் என்று வைத்துக்கொள்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வலது ஓரத்தில் இருக்கும் பெரிய கறுப்புத் திட்டு, நிழலும் இல்லை, வேரும் இல்லை. நடைபாதையில் ஒரு உடும்பு வந்தது, பேனாவைப் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
மணி