அந்த மீன் என்ன தின்னும் என்று ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீனின் படம். தொட்டியின் நீளம், விளக்கு, கண்ணாடி துடைக்கும் முறை எல்லாம் இருந்தன. அந்த மீன் என்ன தின்னும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் இரண்டு மீன்களைப் பட்டினி போட்டுக் கொன்றவன் நான்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்தி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் கடல்மீன் வாங்கித் தருவதாக வாயை விட்டுவிட்டேன். அவள் சித்தியடைந்துவிட்டாள். தண்ணீர் விஷயத்தில் நான் குறை வைக்கவில்லை. வவுனியாக் கிணற்றுத் தண்ணீரின் குணம் தெரியும்தானே, கேத்தலின் மூடியைத் திறந்து, உள்ளே படிந்த சுண்ணாம்பைப் பார்த்தாலே போதும். ஆகவே சுத்திகரித்த தண்ணீர், 20 லீற்றர் கானில் 12 கான். லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் 8 கிலோவுக்கு மேல் உப்புக் கலவை. உப்பின் அளவு பார்க்கும் நீரமானி 1.025 காட்டும் வரை கலக்கி, மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பக்டீரியா வளரட்டும் என்று ஆறு கிழமை வெறுந்தொட்டியை ஓடவிட்டேன். வெறும் தண்ணீரைக் காவல் காக்கிறார் என்று வீட்டில் பகிடி.

அப்புறம்தான் கொழும்பில் ஒரு கடையில் சோடி மீன் வாங்கினேன். 'மெலன்' என்ற வண்ணத்துப்பூச்சி மீன் என்றார்கள். வெளிறிய மஞ்சள் உடம்பில் ஊதாப் பேனாவால் கோடிழுத்தது போல மெல்லிய வரிகள், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டி. என்ன சாப்பிடும் என்று கேட்டேன். எதைப் போட்டாலும் பழகிவிடும் என்றார் கடைக்காரர். ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் குருணித் தீனி போட்டேன். இரண்டும் பார்த்துவிட்டு விலகின. உறைய வைத்த ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் போட்டேன். ஒன்று வாயில் எடுத்துத் துப்பியது. ஆனால் சும்மா இருக்கவில்லை, விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை கல்லைக் கொத்திக்கொண்டே இருந்தன. கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தால், கொத்துகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. மகன் தேடிப் படித்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. இந்த இனம் உயிருள்ள முருகைக்கல்லின், அதாவது பவளத்தின், மேலிருக்கும் பூப்போன்ற சிறு உயிர்களையே தின்று வாழ்வது. மயிர் போன்ற பற்கள் அதற்கென்றே அமைந்தவை. ஒரு கொத்தில் கிடைப்பது துளி, அதனால் பகல் முழுவதும் கொத்த வேண்டும்.

பத்தாம் நாள், மாமனார் வீட்டு இடிந்த மதிலில் கிடந்த பழைய முருகைக்கல் ஒன்றைக் கழுவி, இறாலையும் மட்டியையும் உள்ளியோடு அரைத்து அதன் துளைகளுக்குள் அப்பித் தொட்டியில் இறக்கினேன். பெரியது வந்து நாலு கொத்துக் கொத்தியது. நான் மனைவியைக் கூப்பிட்டேன். அவர் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அது கல்லை விட்டு விலகிவிட்டது. சின்னது இரண்டு நாள் கொஞ்சம் தின்றது, பிறகு அதுவும் இல்லை. வயிறு உள்ளே ஒட்டி, கண்ணுக்கு மேலே முதுகுச் சதை கரைந்து, முன்னால் பார்த்தால் கடதாசித் தடிப்பில் நின்றன. 19ஆம் நாள் பெரியது போனது. மற்றது இன்னும் நாலு நாள் அதே கல்லைச் சுற்றியது.

இடையில் நான் செய்யப் பார்த்த ஒன்றையும் மறைக்கக் கூடாது. சிலாபத்துறைப் பக்கம் கடலுக்குப் போகும் மச்சானிடம், உயிருள்ள முருகைக்கல் ஒரு துண்டு கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அவர் ஏசினார்: "உது கல்லில்லை, உசிருள்ளது. எடுத்தா என்னைப் பிடிப்பாங்கள். எடுத்துத் தந்தாலும் ரெண்டு நாளில உன்ர மீன் அதை மொட்டை அடிச்சிடும், பிறகு அடுத்த துண்டு கேப்பாய்." சரிதான். திரண்டு வளரும் முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி எங்கள் கரைகளில் முருகைக்கல் வெளுத்ததே, அப்படி அது செத்துப்போனால் இந்த மீன்களும் கடலிலேயே குறைந்துவிடும். நான் அதை வரவேற்பறையில் நடத்திக் காட்டியிருக்கிறேன்.

எல்லா வண்ணத்துப்பூச்சி மீனும் இப்படியல்ல. முதுகுத் துடுப்பில் நூல் நீண்டிருக்கும் வகை இறால், புழு எடுத்துக்கொள்ளும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். இதையெல்லாம் பிரித்துச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டால், பிள்ளைகள் கேட்பார்கள், தாத்தாமார் பஸ் ஏறுவார்கள். அடுத்த கிழமையே எவற்றை வாங்கக் கூடாது என்று ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். வாங்குகிறவர்களும், கடைத் தொட்டியில் அந்த மீன் தீனி தின்பதைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். காட்ட மாட்டேன் என்றால் அதுதான் பதில்.

என்னிடம் உப்புக் கலவை அரை வாளி மிச்சம் கிடக்கிறது. வவுனியாவில் யாராவது கோமாளி மீன் வளர்த்தால் உங்கள் ஊடாகத் தெரிவிக்கட்டும், சும்மா தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளர்,
குருமன்காடு, வவுனியா.