ஜகார்த்தா தங்கம்: கண்காட்சிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியினர், பிற்காலத்தில் தங்கள் ஆட்ட வாழ்க்கையைப் பற்றிப் பகிர்ந்துகொண்ட நினைவுகளைத் தமிழாக்கிப் படங்களுடன் மக்கள் பார்வைக்கு வைத்த எங்கள் மன்றத்தின் கண்காட்சி, குன்னூரில் இனிதே நிறைவடைந்தது. இதற்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் நன்றி தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி, பணி ஓய்வுக்குப் பின் எங்கள் ஊரில் குடியேறியுள்ள வங்காளத் தம்பதியருக்கு. அணித்தலைவர் சுனி கோஸ்வாமியும் பி.கே. பானர்ஜியும் வங்காள மொழியில் பேசியவற்றை வரிவரியாக விளக்கிச் சொல்லி, நாங்கள் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தேவையற்ற மிகைச்சொற்களை அந்த அம்மையார் ஈவிரக்கமின்றி அடித்துத் தள்ளினார். அவரது கண்டிப்பு இல்லாதிருந்தால் அந்தத் தட்டிகள் வெறும் புகழ்மாலைகளாகியிருக்கும்.

தங்கள் பெருவெற்றியைப் பற்றிப் பேசும்போது அந்த வீரர்கள் தங்களைவிடப் பிறரைப் பற்றியே மிகுதியாகப் பேசியிருக்கிறார்கள் என்பது எங்களுக்கு வியப்பளித்தது. முதல் ஆட்டத்தில் 0-2 என்று தங்களைத் தோற்கடித்த தென் கொரியாவையே செப்டம்பர் 4 அன்று இறுதிப் போட்டியில் மீண்டும் எதிர்கொண்டபோது, இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா விலக்கியதை இந்தியப் பிரதிநிதி சோந்தி எதிர்த்துப் பேசியதால் சினம் கொண்டிருந்த அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே தங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்பதை அவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பானர்ஜி முதல் கோலை அடித்தார். தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங், முன்வரிசையில் ஆடி இரண்டாவது கோலை அடித்தார். முடிவு 2-1. தடுப்பாட்டக்காரரை முன்னால் அனுப்பும் துணிவு பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமுடையது. புற்றுநோயால் நலிந்திருந்த அவர், முந்தைய இரவு தம் பிள்ளைகளைப் போன்ற வீரர்களிடம் பரிசாகக் கேட்டது அந்தத் தங்கத்தைத்தான். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார்.

அடுத்து, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்னும் ராணுவப் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற, எண்பது வயதைக் கடந்த அந்தப் பெரியவருக்கு நன்றி. அந்த இறுதிப் போட்டியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் எங்கள் மலையடுக்குக்கு அந்நியரல்லர். 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பை என்னும் கால்பந்துக் கோப்பையை வென்ற, அந்தப் படைப்பிரிவின் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில்தான் அவரது ஆட்டம் மெருகேறியது. தொடக்கத்தில் அவர் கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரராக, அதாவது சென்டர் ஃபார்வர்டாக, ஆடியவர் என்று பெரியவர் சொன்னபோது சிறுவர்கள் நம்பவில்லை. உடனே அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்று, இரு கைகளையும் உயர்த்தி, கம்பத்துக்குக் கீழே அந்த நெட்டை மனிதர் நின்ற தோரணையைக் காட்டினார். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆட முடியாதிருந்த தங்கராஜ் இறுதிப் போட்டியில் களமிறங்கிய கதையை அதன்பிறகு அவர்கள் வாய்திறவாமல் கேட்டார்கள்.

எங்கள் மன்றத்துப் பிள்ளைகளில் மெஸ்ஸியின் சட்டை எண்ணை அறியாதவர் எவருமில்லை. தங்கராஜின் பெயரைக் கேள்விப்பட்டவரும் எவருமில்லை. இதில் பிள்ளைகளைக் குறைசொல்ல நியாயமில்லை, நாம் சொல்லவில்லை என்பதே உண்மை. செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த, அதே அணியில் ஆடிய துளசிதாஸ் பலராமின் நிலையும் அதுவே. பயிற்சிக்கு வர வழியில்லை என்ற அந்த ஏழை இளைஞருக்கு வாடகை மிதிவண்டிக்குப் பணம் கொடுத்தவர் ரஹீம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்த பலராம், நோயின் காரணமாக முப்பது வயதை எட்டும் முன்பே ஆட்டத்தை விட நேர்ந்தது. அவருக்கென ஒரு தட்டி போதாது என்று வாதாடி, கூடுதலாக ஒன்றை எழுதித் தந்த கல்லூரி மாணவிக்குத் தனியாக நன்றி சொல்கிறேன். அந்த வாதத்தில் அவர் வென்றது நல்லதே.

பழைய நாளிதழ்த் தொகுப்புகளைப் பொறுமையுடன் எடுத்துக் கொடுத்த நூலகப் பணியாளர்களுக்கும், கடைசி நேரத் திருத்தங்களுக்காக முகம் சுளிக்காமல் தட்டிகளை மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்த அச்சக உரிமையாளருக்கும், வாடகை வாங்க மறுத்த மண்டப நிர்வாகத்தினருக்கும், மழையிலும் தேநீர் சுமந்து வந்த கடைத் தம்பிகளுக்கும் எங்கள் வணக்கம்.

தட்டிகள் இனி அரசுப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கின்றன. கேட்டுக்கொள்ளும் பள்ளிகளுக்குக் கட்டணமின்றி அனுப்பிவைப்போம். இரவல் தந்த ஒளிப்படங்கள் மன்ற அலுவலகத்தில் பத்திரமாக உள்ளன. உரியவர்கள் மாலை வேளைகளில் வந்து கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர்