செயலாளரின் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

பாடல்களைக் கூடிக் கேட்டுப் பேசும் நம் கேட்போர் வட்டத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கடந்த பன்னிரண்டு மாதப் பணிகளைப் பற்றிய இவ்வறிக்கையை உங்கள் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் 38 பேராக இருந்த நம் உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டு முடிவில் 46 ஆனது. விலகியவர் ஒருவர், அவரைப் பற்றிப் பின்னர் எழுதியிருக்கிறேன். ரமலான் மாதத்தில் கூட்டம் வைப்பதில்லை என்ற வழக்கப்படி, 2025 மார்ச்சில் எதுவும் நடைபெறவில்லை. மொத்தம் எட்டுக் கூட்டங்கள் நடந்தன.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு கூட்டங்களை நான் மாலை 7 மணிக்கு அறிவித்தேன். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகையின் நேரம் ஏறத்தாழ 7 மணியை ஒட்டியே வரும் என்பதை, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பிறந்து வளர்ந்த நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இசையையும் ஈமான் என்னும் இறைநம்பிக்கையையும் பற்றிப் பேசக் கூடியவர்கள் தொழுகைக்காகப் பாதிப் பேர் எழுந்து போவதும், மற்றவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு அமர்ந்திருப்பதுமாக அந்த இரண்டு மாலைகளும் கழிந்தன. மூன்றாம் கூட்டத்திலிருந்து 7.45க்குத் தொடங்கி 9.30க்கு முடிக்கிறோம், இரவுத் தொழுகையான இஷாவைக் கூட்டம் முடிந்தபின் தொழ இது வசதியாக இருக்கிறது. இந்த மாற்றத்தை வரும் ஆண்டிலும் தொடரப் பரிந்துரைக்கிறேன்.

முஸ்லிம் ஹிப் ஹாப் கலைஞர்களின் வரிகளைக் கூர்ந்து கேட்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவின்படியே இவ்வாண்டின் அமர்வுகள் அமைந்தன. 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்வது வழக்கம் என்பதிலிருந்து தொடங்கினோம். அந்த இசையில் இஸ்லாமியச் சொற்கள் எப்படி வந்து சேர்ந்தன என்ற கேள்விக்கு வந்தபோதுதான் பலருக்கும் வியப்பு. 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் தொடங்கிய ‘ஃபைவ் பெர்சென்ட்’ இயக்கத்தின் சொல்வழக்கு, ராப் பாடும் கலைஞர்களான ரகீம் முதல் வூ டாங் குழுவினர் வரை பலரின் வரிகளில் ஊறிக் கிடக்கிறது. கறுப்பின ஆணே கடவுள் என்பது அவ்வியக்கத்தின் போதனை. நம் பள்ளிவாசல்களில் கற்பிக்கப்படும் தவ்ஹீதோடு, அதாவது இறைவன் ஒருவனே என்ற கொள்கையோடு, அது ஒட்டாது. பாட்டில் ‘இஸ்லாம்’ என்ற சொல் காதில் விழுந்தவுடன் அது தம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தந்த அதே இஸ்லாம்தான் என்று பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள், அன்றிரவு தங்கள் பாடல் பட்டியலை மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொல்லிச் சென்றார்கள்.

அடுத்த அமர்வில், இன்று யாசீன் பே என்ற பெயரில் அறியப்படும் மாஸ் டெஃப் 1999இல் வெளியிட்ட தனித்தொகுப்பைக் கேட்டோம். அது ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ (அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்) என்று தொடங்குகிறது. அந்தச் சொற்றொடரைத் தாம் முதன்முதலில் கேட்டது இந்தப் பாட்டில்தான் என்றும், அதன் பொருளைப் பிறகுதான் அடுத்த வீட்டு மாமி விளக்கினார் என்றும் நம் இந்து உறுப்பினர் ஒருவர் கூறினார். இறைவன் பெயரைச் சொல்லிவிட்டு உலக விவகாரங்களைப் பாடலாமா என்று ஓர் இளையர் கேட்டதற்கு, மூத்த உறுப்பினர் ஒருவர், நபிகளாரின் வரலாற்றைப் பாடும் சீறாப்புராணத்தைத் துணைக்கு அழைத்தார். 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் தம் காப்பியத்தைக் கடவுள் வாழ்த்தோடு தொடங்கி, அரபு நாட்டில் மழை பொழிந்து ஆறு பெருகி நெல் விளைவதாகவே பாடிச் செல்கிறார். பாலை நிலத்தை மருதமாக்கியதற்காக அவரை யாரும் குறை சொன்னதில்லை என்றும், தம் மண்ணின் வடிவத்தில்தான் எந்தக் கவிஞரும் தம் மார்க்கத்தைப் பாட முடியும் என்றும், நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த மாஸ் டெஃபுக்கு அந்த வடிவம் பீட்டாக, அதாவது ராப்பின் தாளமாக, அமைந்தது என்றும் அவர் விளக்கினார். ‘காப்பியமும் ராப்பும் ஒன்றா’ என்று பின்வரிசையிலிருந்து எழுந்த குரலையும் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன். அதற்கு விடை கிடைக்கவில்லை.

வாஷிங்டனில் 2000ஆம் ஆண்டு உருவான நேட்டிவ் தீன் குழுவினர் தாளக் கருவிகளையும் குரலையும் மட்டுமே வைத்துப் பாடுபவர்கள். கம்பிக் கருவிகளையும் காற்றுக் கருவிகளையும் கூடாதென்று கருதும் மார்க்க அறிஞர்களின் கருத்தை மதித்து அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். அந்த அமர்வில் வாதம் நாகூர் ஹனிபா பக்கம் திரும்பியது. நம் கல்யாண வீடுகளில் ஆண்டாண்டு காலமாக ஒலித்துவரும் அவருடைய பாடல்களில் பல கருவிகள் சேர்ந்து இசைக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கண்ணீர் விட்ட பெரியவர்களே பேரனின் காதில் இருக்கும் ஒலிப்பானைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னபோது, பெரியவர்களே முதலில் சிரித்தார்கள்.

இவ்வாண்டின் முதன்மை நிகழ்ச்சி, மலேசியாவில் வாழும் ஒரு தமிழ் முஸ்லிம் ராப் கலைஞருடன் காணொளி வழியாக நவம்பரில் நடத்திய சந்திப்பு. மலேசியத் தமிழ் ராப் கலைஞர்களான யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். பகலில் அலுவலக வேலை, இரவில் பாட்டு. குடும்பத்தில் எல்லாரும் இதை விரும்புவதில்லை என்பதால் அறிக்கையில் தம் பெயர் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அதற்கு நான் கட்டுப்படுகிறேன்.

சந்திப்புக்கு முன் உறுப்பினர்களிடமிருந்து கேள்விகளை எழுத்தில் பெற்றோம். 31 கேள்விகள் வந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கியபோது எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. 19 கேள்விகள், ஏதோ ஒரு வடிவத்தில், இசை ஹலாலா ஹராமா என்பதாகவே இருந்தன. தொழுகை விட்டுப்போனால் என்ன செய்வது, முஸ்லிம் அல்லாத நண்பரோடு இசை நிகழ்ச்சிக்குப் போகலாமா, உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பன போன்றவை எட்டு. அவருடைய வரிகளைப் பற்றியவை நான்கே நான்கு. ஒரு மனிதரின் பாட்டைக் கேட்டு அவரை நேசிக்கும் நாம், அவரிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்ததும் அவரை மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முஃப்தியாக்கிவிடுகிறோம். அவர் கற்றுத் தேர்ந்த தொழிலைப் பற்றிக் கேட்பதற்கு நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இந்த இடத்தில், செப்டம்பர் அமர்வில் நாம் பேசிய பிரதர் அலியின் கதையை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ராப் கலைஞரான அவர், சிறுவனாக இருந்தபோது கேஆர்எஸ் ஒன் என்னும் மூத்த ராப் கலைஞரின் சொற்பொழிவுக்குச் சென்றார். அந்த மூத்தவர் அவரை, கறுப்பின அமெரிக்க முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கச் சொன்னார். அதைப் படித்தது ஒரு தேடலாகி, 15 வயதில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். ரசிகனாக வந்த சிறுவனுக்குப் பாடகர் மார்க்கத் தீர்ப்பு எதுவும் வழங்கவில்லை. ஒரு புத்தகத்தைக் காட்டி அனுப்பினார். இதை முன்வைத்தே, கேள்விகளை இரண்டாகப் பிரிக்கலாம் என்று செயலவையில் நான் வாதிட்டேன். ஏழுக்கு நான்கு என்ற வாக்கில் தீர்மானம் நிறைவேறியது.

மார்க்கம் பற்றிய 27 கேள்விகளையும், தமிழில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) உரை நிகழ்த்தும் மார்க்க ஆசிரியரான ஓர் உஸ்தாதிடம் கொண்டுபோனோம். வாசலிலேயே அறிவுரை கிடைக்கும் என்று அஞ்சிப் போன இளையர்கள் மூவரிடம் அவர் முதலில் கேட்டது, பாடலின் வரிகளைத் தாளில் எழுதித் தர முடியுமா என்பதுதான். இரண்டு நாள் கழித்து, அடிக்கோடிட்ட தாள்களுடன் பேசினார். இசைக்கருவிகள் குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும், தாம் தவிர்ந்திருக்கச் சொல்லும் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மாற்றுக் கருத்தைப் பின்பற்றுபவரை இழித்துப் பேசத் தமக்கு உரிமை இல்லை என்றும், வரியில் ஆபாசமும் ஆணவமும் இருந்தால் கருவியே இல்லாமல் பாடினாலும் அது தவறுதான் என்றும் கூறினார். ஒரு வரியில் இலக்கணப் பிழை இருப்பதையும் சுட்டிக்காட்டினார். அதைக் கலைஞரிடம் தெரிவித்தோம்; அவர் ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு சுமை இறங்கிய பின் நடந்த சந்திப்பு, நான் எதிர்பார்த்ததைவிடச் செறிவாக அமைந்தது. தமிழ் யாப்பில் எதுகை அடியின் தலைப்பில் வரும். ராப்பில் ஒலியொப்பு பெரும்பாலும் அடியின் கடைசியில், அதாவது நாம் இயைபு என்று சொல்லும் இடத்தில் வரும். நான்கு தட்டுள்ள அளவில் முதல் தட்டில் எதுகையும் நான்காம் தட்டில் இயைபும் விழும்படி எழுதினால் தமிழ் வரி இரண்டு கால்களிலும் நிற்கிறது என்று அவர் பாடிக் காட்டினார். ‘வருகிறேன், தருகிறேன்’ என்று வினைமுற்றுகளை வைத்து இயைபு கட்டுவது தமிழில் மிக எளிது என்பதாலேயே தாம் அதைத் தவிர்ப்பதாகச் சொன்னார். எத்தனை பாடல்கள் அந்த எளிய வழியில் ஓடுகின்றன என்று அதன்பிறகு கேட்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் தொல்லையாகத்தான் இருக்கிறது.

குர்ஆன் வசனங்களை அவர் பீட்டில் ஏற்றுவதில்லை. அவற்றின் கருத்தைத் தம் தமிழில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். நபிகளாரின் பெயர் வரும் இடத்தில், கேட்பவர் நபிகளார் மீதான வாழ்த்தாகிய ஸலவாத்துச் சொல்ல வேண்டுமே என்று இரண்டு தட்டு வெறுமையாக விடுகிறார். அந்த இடைவெளியை ஒலிப்பதிவுக் கோளாறு என்று நம்மில் சிலர் முன்பு பேசிக்கொண்டது அவருக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது. மது பரிமாறப்படும் அரங்கத்தில் பாட நேர்ந்தால், இறைவன் பெயர் வரும் பாடல்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதாகவும், அதனால் சில அழைப்புகள் கைநழுவியதாகவும் கூறினார்.

கடைசியாக, தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர், பாட்டு உங்களை இறைவனிடம் நெருக்கமாக்கியிருக்கிறதா என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசவில்லை. ஒலிப்பதிவு நாட்களில் பிற்பகல் தொழுகையான அஸர் சில நேரம் தாமதமாகிவிடுகிறது, அது உறுத்துகிறது, அந்த உறுத்தல்தான் பிறகு வரிகளாக வருகிறது. இதை நெருக்கம் என்று சொல்வதா தூரம் என்று சொல்வதா என்று தமக்கே தெரியவில்லை என்றார். பிறகு அவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார்: தம் கடைசிப் பாடலின் இரண்டாம் பத்தியில் உள்ள எந்த வரியாவது யாருக்காவது நினைவிருக்கிறதா? அறையில் 33 பேர் இருந்தோம். பீட்டை வாயால் தட்டிக் காட்டப் பதினைந்து பேர் தயாராக இருந்தார்கள். வரியைச் சொன்னவர், பிஸ்மில்லாவை முதன்முதலில் பாட்டில் கேட்டதாக முன்பு நான் குறிப்பிட்ட அந்த இந்து சகோதரி ஒருவர்தான்.

விலகிய உறுப்பினரைப் பற்றி: இசை கூடாது என்ற முடிவுக்கு வந்தபின் வட்டத்தில் நீடிப்பது தமக்கு நேர்மையாகப் படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்க ராப் கலைஞர் டூபாக்கின் கூட்டாளியாக அவுட்லாஸ் குழுவில் பாடிய நெப்போலியன், இஸ்லாத்தை ஏற்றபின் இசையை முற்றிலும் துறந்ததை அவரே முன்பு நமக்கு எடுத்துச் சொன்னவர். அவர் வீட்டுக்குத் தலைவரும் நானும் சென்றோம். மனத்தை மாற்றும்படி கேட்கவில்லை. தேநீர் கொடுத்தார், வட்டத்தின் மடல்களை எழுத்துப்பிழை பார்த்துத் தருவதைத் தொடர்வதாகச் சொன்னார். இவ்வறிக்கையையும் அவரே பார்த்துத் தந்திருக்கிறார்.

நிதிநிலையைப் பொருளாளர் தனியே விளக்குவார். பதிவுசெய்த பாடல்களைப் பொது நிகழ்ச்சியில் ஒலிக்கச் செய்ய இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சங்கமான காம்பஸிடம் உரிமம் பெற வேண்டும் என்பதைச் சமூக மன்ற அறைக்குப் பதிவு செய்யும்போதுதான் அறிந்தேன். அந்தச் செலவை வரவுசெலவில் சேர்க்காதது என் குறை. அறை வாடகையும் உரிமக் கட்டணமும் போக மீதி 212 வெள்ளி. ஆண்டுச் சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 24 வெள்ளியாக உயர்த்தும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது.

2025 மால்கம் எக்ஸின் நூற்றாண்டு; நாகூர் ஹனிபாவின் நூற்றாண்டும் அதுவே. இருவரையும் ஒரே மாலையில் வைப்பதா, தனித்தனியே வைப்பதா என்று செயலவை இன்னும் முடிவு செய்யவில்லை. ஹனிபா அமர்வுக்கு நாம் எடுக்கும் எந்தப் பாடலானாலும், அதன் வரிகள் ஒரு வாரம் முன்பே அச்சிட்டுத் தரப்படும். மனப்பாடம் செய்து வருவோருக்கு முன்வரிசை. மலேசியக் கலைஞர் நேரில் வர இசைந்தால் அவருக்கான பேருந்துக் கட்டணத்தை வட்டம் ஏற்க வேண்டும் என்பதும் இன்றைய நிகழ்ச்சி நிரலின் ஆறாம் பொருளாக உள்ளது.

உள்கணக்காய்வாளர் இருவரின் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. வேட்புமனுத் தாள்கள் நுழைவாயில் மேசையில் உள்ளன. தேநீர் இடைவேளைக்கு முன் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்