ஹட்யாய் கஞ்சா மிட்டாயும் ரயில் பையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீண்ட விடுமுறை வந்தால் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வட்டார இளைஞர்கள் இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறி, எல்லை ஊரான பாடாங் பெசார் வழியாகத் தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குப் போய்வருகிறார்கள். அங்கே வாங்கிய கஞ்சா மிட்டாய், குக்கி, எண்ணெய், வேப் குப்பி எதையும் மிச்சம் என்று பையில் விட்டுவிடக் கூடாது.

"தாய்லாந்தில் அனுமதி உண்டே" என்பார்கள். 2022 ஜூன் 9இல் அந்நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூனில் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று இறுக்கியது. இரண்டுமே இங்கே மலேசியாவில் செல்லாது. ஹட்யாய் ரயிலிலிருந்து பாடாங் பெசாரில் மூட்டையோடு இறங்கி, குடிநுழைவு, சுங்கச் சோதனை கடந்துதான் இ.டி.எஸ். பிடிக்க முடியும். அதைக் கடந்துவிட்டாலும் நிம்மதி இல்லை. 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம் கூட்டரசுச் சட்டம். பெர்லிசிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் ஒன்றுதான்.

தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கஞ்சாவின் எடை. 20 கிராமுக்குக் குறைந்தால் 6ஆம் பிரிவு: 5 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிராமைத் தொட்டால் 39ஏ பிரிவு: 2 முதல் 5 ஆண்டு சிறை, 3 முதல் 9 பிரம்படி. 50 கிராம் என்றால் 5 ஆண்டுக்குக் குறையாது, ஆயுள் வரை போகும். பிரம்படி 10க்குக் குறையாது. 200 கிராமில் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். அது 39பி பிரிவு. 2023 ஜூலை 4 முதல் தூக்கு ஒழிந்துவிட்டதாகக் கடைத்தெருவில் பேசுகிறார்கள். ஒழிந்தது 'கட்டாயம்' மட்டுமே. நீதிபதி இன்றும் மரண தண்டனை விதிக்கலாம். இல்லையேல் ஆயுள் சிறையும் குறைந்தது 12 பிரம்படியும்.

எண்ணெய், வேப் போன்றவற்றில் பிரித்தெடுத்த டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் சத்து) இருந்தால் 12ஆம் பிரிவு பாயலாம். அதில் அபராதமே 1 லட்சம் வெள்ளி வரை. காசி யாத்திரை போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே கடையில் கிடைக்கும் பாங்கு (கஞ்சா இலை அரைப்பு) கலந்த லேகியம், உருண்டை இங்கே கஞ்சாதான். செடியின் எந்தப் பாகமானாலும், எந்தப் பெயர் சொன்னாலும், பிசின் கொஞ்சம் இருந்தாலே போதும்.

"தம்பி, இந்தப் பொட்டலத்தை ஈப்போவில் கொடுத்துடு" என்று யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது. சுமந்து செல்வதும் சட்டத்தின் பார்வையில் கடத்தல். பை உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்று 37(டி) பிரிவு எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று காட்ட வேண்டியது நீங்கள். இந்த அனுமானத்தின் மேல் கடத்தல் அனுமானத்தையும் அடுக்குவதை 2019இல் கூட்டரசு நீதிமன்றம் தடுத்தது. அது பெரிய ஆறுதல்தான், ஆனால் பயன் கிடைப்பது நீதிமன்ற விசாரணையில், அதுவரை உள்ளேதான். 5 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஜாமீன் கிடையாது. தடுப்புக் காவல் சிறிய வழக்கில் 7 நாள் வரை, பெரியதில் 14 நாள் வரை.

கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சிறுநீர்ச் சோதனை இருக்கிறது. போதைப்பொருள் உட்கொண்டதற்கான 15ஆம் பிரிவில் குற்றம் உறுதியானால் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அதன்பின் 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பு.

பிள்ளை பிடிபட்டால் பெற்றோர் புரோக்கரைத் தேடி ஓட வேண்டாம். போலீஸ் விசாரணைக்கு முன் உறவினரையும் வழக்கறிஞரையும் அழைக்க அவனுக்கு உரிமை உண்டு. யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் எனும் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை, குடிமக்களுக்குத் தடுப்புக் காவல் கட்டத்திலிருந்தே இலவச வழக்கறிஞர் தருகிறது. மரண தண்டனைக்குரிய வழக்குகளை மட்டும் அது எடுப்பதில்லை. அவற்றில் வசதி இல்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்