ரயில் மாதிரிச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறையும் பொதுக்குழு ஒரு முறையும் கூடின. பட்டறையில் ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. சென்னை ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு சென்று வந்தோம்.

நமது கூட்டுப் பணியான, இந்திய ரயில்வேயின் பழைய டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினின் சிறு மாதிரி இந்த ஆண்டுக்குள் ஓடும் என்று சென்ற கூட்டத்தில் வாக்குக் கொடுத்தவன் நான். ஓடவில்லை. அதற்கான காரணத்தை உறுப்பினர்கள் அறிய வேண்டும்.

ஜூன் கூட்டத்தில், ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, எஞ்சினைச் செய்வது என்று தீர்மானித்தோம். வந்திருந்தவர்கள் ஐந்து பேர். வராத ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், சங்கப் பணத்தில் சக்கரங்களை வாங்கிவிட்டார். அவை ஓ.ஓ. அளவு, 76-இல் ஒரு பங்கு. உண்மையான டபிள்யூ.பி.யின் இயக்கு சக்கரம் 5 அடி 7 அங்குலம். நமது கணக்கில் அது 19.5 மி.மீ. வந்ததோ 22 மி.மீ.க்கும் மேல். பித்தளைச் சட்டத்தில் அச்சுத் துளைகளை ஏற்கெனவே போட்டிருந்தேன். ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களையும் வரிசையாக மாட்டியதும் விளிம்பின் மேல் விளிம்பு ஏறி நின்றது. அரத்தால் ராவிச் சரிசெய்யும் பிழையல்ல அது.

இரு அளவு மாதிரிகளுமே 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில்தான் ஓடும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டனின் எஞ்சின்கள் உருவில் சிறியவை. அக்கால மோட்டார் அவற்றின் ஹெச்.ஓ. கூட்டுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடலை மட்டும் பெரிதாக்கினார்கள்; அதுதான் ஓ.ஓ. ஆகவே தண்டவாளத்தில் பொருந்துகிறது என்பதால் அளவு சரியென்று ஆகிவிடாது. ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ. ஹெச்.ஓ.வில் 245 மி.மீ., ஓ.ஓ.வில் 280. இரண்டையும் கோத்து ஓட்டினால் எந்தக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும்.

நமது அகலப்பாதையின் 1,676 மி.மீ. அகலம் ஹெச்.ஓ.வில் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வரவேண்டும், 16.5 தவறு என்று இரு உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த அகலத்தில் தண்டவாளத்தையும் பாயின்ட்டுகளையும் (தண்டவாளம் பிரியும் இடங்களையும்) நாமே கையால் செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் பட்டறைக்கு வருகிறவர்கள் மூன்று பேர். அதனால்தான் 16.5-க்கு ஒப்புக்கொண்டேன். இன்றும் அதே கருத்தில் இருக்கிறேன்.

இனி எதை வாங்கினாலும் வெர்னியர் காலிப்பரில் அளந்து பதிவேட்டில் எழுதிய பிறகே பணம் கொடுக்கப்படும். பதிவேட்டை நானே தைத்து, முதல் பக்கத்தில் இரு அளவுகளுக்கும் பெருக்கல் அட்டவணை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது. விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல். பெயர்களைப் படிக்க எனக்கு மனமில்லை.

பட்டறைக்கு இடம் தந்த தலைவர் குடும்பத்தாருக்கும், கணக்கைத் தணிக்கை செய்தவருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

சரியான சக்கரங்கள் ஆறும் மோட்டார் ஒன்றும் வாங்கினால் பொங்கலுக்குள் எஞ்சினை ஓட்டிவிடலாம். குண்டுபோல் கூம்பிய அதன் மூக்கை நான் வீட்டிலேயே தட்டி முடித்துவிட்டேன். நட்சத்திரம் மட்டும் ஒட்ட வேண்டும். கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்