மரப்பெட்டிக்குப் பெயின்ட் அடித்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்சிக்கு நிறுத்தியிருக்கும் பழைய ரயில் மரப்பெட்டி 'பெயின்ட் அடித்துப் புதுப்பொலிவு பெற்றது' என்று சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் படித்தேன். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன், மனம் பொறுக்கவில்லை.

ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் தச்சனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் போய்ப் பார்த்தேன். தேக்குப் பலகைமேல் பழைய பூச்சைக்கூடச் சுரண்டாமல் எனாமல் பூசியிருக்கிறார்கள். ஷட்டர் ஓடும் ஜன்னல் காடியில் பெயின்ட் இறங்கி உறைந்துவிட்டது; ஷட்டர் ஏறவும் மாட்டேன் என்கிறது, இறங்கவும் மாட்டேன் என்கிறது. பித்தளைத் திருகாணி இருந்த இடத்தில் இரும்புத் திருகாணி. ஒரு மழைக்காலம் போனால் தேக்கில் கறுப்புக் கறை இறங்கிவிடும். கதவோரத் தூணின் அடியில் கட்டைவிரலால் அழுத்தினேன், அமுங்கியது. கூரை ஒழுகினால் தண்ணீர் தூண் வழியாக இறங்கி அங்கேதான் நிற்கும். கூரையை முதலில் பார்க்க வேண்டும். இற்ற கட்டையை வெட்டி, அதே தேக்கில் ஒட்டுப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச்சு. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் மக்காமல் என்ன செய்யும்?

தங்களுக்குத் தெரியாததல்ல. 1955-ல் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்து, சுவிஸ் தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டி வரத் தொடங்கியதும் மரப்பெட்டியின் காலம் முடிந்தது. விபத்தில் மரம் நொறுங்கும், எஃகு தாங்கும். அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழித்த பெட்டிகளைத் தீ வைத்துக் கொளுத்திவிட்டு, அடிச்சட்டமான அண்டர்ஃப்ரேம் இரும்பை மட்டும் எடைக்குப் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். அன்றைக்குக் கேட்க ஆளில்லை. 1931-ல் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றபோது படம் போட்டு எழுதினீர்கள், மகிழ்ச்சி. அந்தப் பெட்டிகள் என்னவாயின என்று பிறகு நீங்கள் எழுதி நான் படித்ததில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் மிஞ்சிய மரப்பெட்டிக்கு இந்தக் கதியா?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அண்டர்ஃப்ரேமின் பக்கவாட்டில் பெயின்ட்டில் மூழ்கிய ஒரு தகடு இருக்கிறது. எந்த ஒர்க்ஸ், எந்த ஆண்டு என்ற விவரம் அதில்தான் இருக்கும். பொறுப்பில் உள்ளவர்களிடம் சொல்லி அதைத் துடைக்கச் செய்து, ஒரு படம் எடுத்து வெளியிடுங்கள். இந்த மழைக்கு முன்னால் கூரையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே தச்சர்,
பெரம்பூர், சென்னை