அந்த விடுதலைப் பத்திரம்

குடியாத்தம்,
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

அம்மா நலம், முழங்கால் வலிதான் விடவில்லை. மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை அதிகம் போல. ஆம்பூரில் அத்தையைப் பார்த்துவிட்டு வந்தாயாமே, அம்மா சொன்னாள்.

நீ அனுப்பிய வில்லங்கச் சான்றிதழை பிரிண்ட் எடுத்து இரண்டு தடவை படித்தேன். காட்பாடியில் மகன் மனை வாங்குகிறான் என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. ஆனால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

13 வருஷ வில்லங்கம் போதாது, 30 வருஷத்துக்குப் போடு. அதிலும் பதிவானதுதான் வரும். பதியாத உயில், கோர்ட்டில் கிடக்கும் பாகவழக்கு எல்லாம் அதில் தெரியாது. பட்டா யார் பேரில் என்று பார். புல வரைபடத்தோடு சர்வேயரை வைத்து அள. புரோக்கர் கொடுத்த லீகல் ஒப்பீனியனை நம்பாதே. பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க் கடனுக்காக. நீயே காசு கொடுத்து ஒரு வக்கீலைப் பிடித்து, மூலப்பத்திரத்திலிருந்து பார்க்கச் சொல். இவ்வளவு கடன் வாங்கத் துணிந்தவன் இதற்கு யோசிக்கலாமா? அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

மூன்றாம் பக்கத்தில் ‘விடுதலை’ என்று ஒரு வரி இருக்கிறது. சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. எழுதிக் கொடுத்தது அக்கா, வாங்கியது தம்பி. கைமாற்றுத் தொகை ஆயிரம் ரூபாய்.

நம் நிலத்து வில்லங்கத்திலும் அப்படி ஒரு வரி உண்டு, 1994-ல். அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1991. 1989 சட்டப்படி பூர்வீக நிலத்தில் அவளுக்கும் சம பங்கு. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கடன் வாங்க ஒரு கையெழுத்து வேண்டும் என்று சொல்லித்தான் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். எனக்கென்று முறுக்கு சுட்டு எடுத்து வந்திருந்தாள். கைநாட்டு மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, “முடிஞ்சுதா அண்ணா?” என்றாள். அந்த நிலத்தை விற்றுத்தான் உன்னை என்ஜினியரிங் படிக்க வைத்தேன். உன் கல்யாணத்துக்கு அவள் வராததற்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதும் பொய்.

அந்த அக்காவை நேரில் போய்ப் பார், கண்ணு. என்ன பத்திரம் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாரா, பணம் கைக்கு வந்ததா என்று கேள். அப்புறம் அட்வான்ஸ் கொடு.

வெள்ளிக்கிழமை நான் ஆம்பூர் போகிறேன். பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டேன். தனியாக அந்த வாசலில் நிற்க முடியும் என்று தோன்றவில்லை. நீ வருவாயா?

உன் நைனா